பாதை [தொகு]

எங்கள் பக்கத்தில் பாதை மிதக்கும்.
குருமண்வெளித் துறையில்
மருந்துப் பெட்டிகளோடு காத்திருந்த ஒரு புதன்கிழமை,
பற்றரி பதினொரு வீதம், எழுதினேன்:
"குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில்
பாதை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் ஏற்றலாம்."
சேமி என்பதை அழுத்தினேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

விடிந்தால் யாரோ திருத்தியிருக்கிறார்,
சேலத்திலோ சிட்னியிலோ இருந்து:
"இடையில் பாதை உள்ளது."
பாதை ஓடாது, கிடக்கும் என்று
கீழே ஓர் இலக்கணக் குறிப்பும்.
நான் மீளமைத்தேன். அவர் மீளமைத்தார்.
மூன்று தரம் வாவிக்கு மேல் தார் போட்டார்.
மூன்று தரமும் கிளப்பி எறிந்தேன்.

நாலாம் நாள் பேச்சுப் பக்கத்தில்
எருவில்காரன் என்றொரு பயனர் வந்தார்:
"ஐயா, இரும்புத் தட்டுக்குக் கீழே மிதவை கட்டி
மனிசரையும் மாட்டையும் ஏற்றி
ஆற்றுக்கு அங்கால கொண்டுபோய் விடுவதற்கு
இங்கே பேர் பாதை.
நம்பாவிட்டால் வந்து நடந்து பாருங்கள்."
சேலமோ சிட்னியோ ஒரு கிழமை பேசவில்லை.
பிறகு வந்து, தன் கையாலேயே
"ஓடுகிறது" என்று மாற்றி,
மட்டக்களப்பு வழக்கு என்றொரு குறிப்பும் சேர்த்து,
நான் விட்டிருந்த இரண்டு ஒற்றையும்
போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அது என் பக்கமாக இல்லை.
மருதமுனை ஸஜானா
சாரன் கட்டுக்குத் தனிக்காசு உண்டா என்று
ஒரு வரியைச் செருகினாள்.
கச்சான் எழும்பினால் பிந்தும் என்றார்
பெயரில்லாத ஒருவர்.
எழுவான்கரைக்காரர் "அங்கால" என்று எழுத
படுவான்கரைக்காரர் அதை "இங்கால" ஆக்க,
ஒரு மாதம் அந்த ஒற்றைச் சொல்
கயிறறுந்த தோணிபோல அலைந்தது.
பக்கம் எந்தக் கரையில் நிற்கிறது
என்று அதுவரை நாங்கள் யோசித்ததேயில்லை.
"இரு கரையிலும்" என்று முடிந்தது.
யார் முடித்தது என்று வரலாற்றைத் திறந்து பார்த்தேன்.
ஒருவரில்லை. "இரு" ஒருவருடையது,
"உம்" இன்னொருவருடையது.

கடைசிப் பாதை ஆறரைக்கு என்று எழுதியவள் நான்.
ஐப்பசியில் ஒரு நாள்
அது ஆறேகாலாக மாறியிருந்தது.
காரணம் எழுதும் சின்னப் பெட்டிக்குள்
ஒரே சொல்: "தவறவிட்டேன்."
பயனர் பெயர் இல்லை, எண்கள்தான்.
எதைத் தவறவிட்டார்?
வகுப்பையா, யாருடையவோ கடைசி மூச்சையா,
காய்ச்சல்காரப் பிள்ளையோடு விடியுமட்டும்
துறையிலேயே இருந்தாரா?
கேட்டு எழுதினேன். எண்கள் பதில் சொல்லவில்லை.
என்னைத் திட்ட அந்தப் பெட்டியில்
எவ்வளவோ இடம் இருந்தது.
திட்டவில்லை.
தனக்கு இல்லாமற்போன கால் மணித்தியாலத்தை
இனி வருகிறவருக்கு
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நேற்று நடு ஆற்றில்
சிக்னல் ஒற்றைக் கோடாகத் தேய்ந்திருக்க,
"மண்டூர்த் துறையில் கூரை போட்டாயிற்று"
என்று எழுதி அழுத்தினால்
தொகுத்தல் முரண் என்கிறது திரை.
இதே பந்தியை, இதே நிமிடத்தில், இன்னொருவர்.
நிமிர்ந்து பார்த்தேன்.
பாதையில் பதினாறு பேர்,
இரண்டு ஆடு, ஒரு யூரியா மூட்டை.
ஒன்பது முகங்களில் போன் வெளிச்சம்.
ஹெல்மட் கழற்றாத ஒருவர்
பெருவிரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார்.
பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை சிரிக்கிறாள்,
ஆட்டைப் பார்த்தா, திரையைப் பார்த்தா தெரியவில்லை.

நான் கேட்கவில்லை.
என்னுடையதை அழித்துவிட்டு
அந்த இன்னொருவருடையதைத் திறந்தேன்:
"கூரை போட்டாயிற்று.
வடக்கு மூலையில் ஒழுகுகிறது,
அதில் நிற்க வேண்டாம்."

அது எனக்குத் தெரியாது.